டாங்கருக்குக் காத்திருக்கும் பானாகர்

புதிய போர் விமானங்கள் மெல்ல மெல்ல வந்து சேர்கின்றன. அவற்றைத் தூரதேசம் அனுப்பும் எரிபொருள் விமானங்கள்தான் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக டெண்டர்களிலேயே பறந்துகொண்டிருந்தன. மேற்கு வங்கத்தின் மூன்று தளங்களில் இந்திய விமானப்படையின் பலமும் பலவீனமும் ஒன்றாகவே தெரிகின்றன.

துர்கா பூஜைக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. குமார்துலியின் சந்துகளில் களிமண் சிலைகள் வண்ணத்துக்குக் காத்திருந்தன. பந்தல் போடும் மூங்கில்கள் தெருவை அடைத்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான், 2025 செப்டம்பர் 15 அன்று, கொல்கத்தா மைதானத்தை ஒட்டிய வில்லியம் கோட்டையில் முப்படைகளின் உயர் தளபதிகள் கூடினார்கள். கோட்டைக்கு இப்போது விஜய் துர்க் என்று பெயர். ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் வில்லியம்தான். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் அந்த மாநாட்டைப் பிரதமர் நரேந்திர மோதி தொடங்கிவைத்தார். சீர்திருத்தம், மாற்றம், எதிர்காலம் ஆகியவையே மூன்று நாள் பேச்சின் பொருள்.

மாநாடு முடிந்த ஒன்பதாம் நாள், செப்டம்பர் 26 அன்று, சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுக்கப்பட்டது. 1963-ல் சேவைக்கு வந்த ரகம் அது. வாணவேடிக்கை போலச் சீறிக் கிளம்பி, தண்ணீர்ப் பீரங்கி மரியாதையுடன் தரையிறங்கிய அந்தக் கடைசி விமானங்களுடன் விமானப்படையின் போர் ஸ்குவாட்ரன்களின் எண்ணிக்கை 29 ஆகக் குறைந்தது. அரசு அனுமதித்த பலம் 42. ஒரு ஸ்குவாட்ரனில் 16 முதல் 18 விமானங்கள் வரை இருக்கும். துண்டு விழுவது எத்தனை என்பதைக் கணக்கில் கெட்டிக்காரர்களாக இல்லாதவர்களும் போட்டுப் பார்த்துவிடலாம்.

விழாவுக்கு முதல் நாள்தான் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திடமிருந்து 97 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்கள். விலை 62,370 கோடி ரூபாய். விநியோகம் 2027-28-ல் தொடங்கி ஆறு ஆண்டுகள். போவது ஒரே நாளில், வருவது தவணையில். விமானப்படையின் நவீனமயம் பல ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது.

போர் விமானங்களின் பற்றாக்குறையைப் பற்றி ஊரே பேசுகிறது. ரஃபேல் என்றால் பார்லிமென்ட் கலகலக்கும். தேர்தல் மேடையில் அது வசைச்சொல்லாகவும் வாழ்த்துச்சொல்லாகவும் மாறும். ஆனால் அந்த விமானங்களை நடுவானில் நிரப்பிவிடும் டாங்கர்களைப் பற்றி யாரும் மூச்சுவிடுவதில்லை. அதற்காக ஒரு ஊர்வலம் நடந்ததில்லை, ஒரு அமைச்சர் சங்கடப்பட்டதில்லை. டாங்கர்களின் கதையைத் தெரிந்துகொள்ள கொல்கத்தாவிலிருந்து கிராண்ட் டிரங்க் சாலையில் சுமார் 160 கிலோமீட்டர் போக வேண்டும்.

துர்காபூருக்குச் சற்று முன்னால் வருகிறது பானாகர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் பயன்படுத்திய தளம். பிறகு பல காலம் பெரிதாகக் கவனிப்பாரின்றிக் கிடந்தது. சீன எல்லைக்கென்று புதிய மலைப்போர்ப் படைப்பிரிவு ஒன்று 2013-ல் அனுமதி பெற்றபோது பானாகருக்கு மறுபடி யோகம் அடித்தது. 17-வது கோர் தலைமையகம் அங்கே வந்தது. அமெரிக்காவிடமிருந்து வாங்கிய இரண்டாவது தொகுதி சி-130ஜே சரக்கு விமானங்கள் ஆறும் 2017-ல் அங்கே குடியேறின. 1965 போரில் விமானப்படைக்குத் தலைமை தாங்கிய மார்ஷல் அர்ஜன் சிங்கின் பெயர், அவருடைய 97-வது பிறந்த நாளான 2016 ஏப்ரல் 15 அன்று, அவர் உயிரோடு இருக்கும்போதே தளத்துக்குச் சூட்டப்பட்டது.

அந்தத் திட்டத்தில் சி-130ஜே விமானங்களுடன் இன்னொரு ஆறு விமானங்களும் உண்டு. ஏர்பஸ் ஏ-330 எம்.ஆர்.டி.டி. என்ற ராட்சத டாங்கர்கள். பானாகர்தான் அவற்றின் வீடாகக் குறிக்கப்பட்டிருந்தது. அவை வரவே இல்லை.

வராத கதை நீளமானது. 2006-ல் முதல் டெண்டர். ரஷ்ய ஐ.எல்.-78 விமானத்தையும் ஏர்பஸ்ஸையும் ஒப்பிட்டுப் பார்த்த விமானப்படை 2009-ல் ஏர்பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தது. விலை அதிகம் என்று நிதி அமைச்சகம் முகம் சுளித்தது. 2010 தொடக்கத்தில் டெண்டர் ரத்து. அதே ஆண்டு மறு டெண்டர். 2013 ஜனவரியில் மறுபடியும் அதே ஏர்பஸ் தேர்வானது. மூன்று ஆண்டுகள் பேரம் நடந்தது. 2016-ல் அதுவும் கைவிடப்பட்டது. 2018-ல் மூன்றாவது முறையாக விவரம் கேட்டுக் கடிதங்கள் போயின. ஒரே பெண்ணை இரண்டு முறை பார்த்துப் பிடித்துப்போய், இரண்டு முறையும் சீர்வரிசைக் கணக்கில் கல்யாணம் நின்றுபோன வீடு மாதிரி.

விலை பற்றிய வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏ-330 பயணிகள் விமானத்தின் உடன்பிறப்பு. வாங்கும்போது விலை அதிகம், ஓட்டும்போது செலவு குறைவு. ஐ.எல்.-78 வாங்கும்போது மலிவு. நான்கு எஞ்சின்களுக்கும் தீனி போட்டு மாளாது. முதல் விலையை மட்டும் பார்ப்பதா, முப்பது ஆண்டுச் செலவையும் சேர்த்துப் பார்ப்பதா என்ற கேள்விக்கு டெல்லியில் இரண்டு கட்டடங்கள் இரண்டு விடை வைத்திருந்தன. விடை ஒன்றாகும் வரை விமானமே இல்லாமல் இருப்பதற்கு என்ன விலை என்பதை மட்டும் யாரும் கணக்குப் போடவில்லை.

அதுவரை சமாளித்தது ஆக்ராவில் இருக்கும் 78-வது ஸ்குவாட்ரன். உஸ்பெகிஸ்தானின் தாஷ்கென்ட் தொழிற்சாலையிலிருந்து 2003 முதல் வந்த ஆறு ஐ.எல்.-78 விமானங்கள்தான் மொத்த நாட்டுக்கும். சரக்கு விமானமான ஐ.எல்.-76-ன் வயிற்றில் டாங்குகளை வைத்துச் செய்தது அது. இறக்கைகளிலும் பின்னுடலிலுமாக மூன்று இடங்களிலிருந்து ரப்பர் குழாய் நீளும். குழாயின் முனையில் இறகுப்பந்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு கூடை.

போர் விமானத்தின் மூக்கருகே துருத்திக்கொண்டிருக்கும் குழலை அந்தக் கூடைக்குள் செருக வேண்டும். இரண்டு விமானங்களும் மணிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். டாங்கர் கிளப்பும் காற்றுச் சுழலில் கூடை ஆடும். வேகமாகப் போனால் கூடை கண்ணாடியில் இடிக்கும், தயங்கினால் நழுவும். கூடையைப் பார்த்து ஓட்டாதே, டாங்கரைப் பார்த்து ஓட்டு என்பதுதான் இந்த வித்தையில் பாலபாடம். ஓடும் பஸ்ஸிலிருந்து ஓடும் லாரிக்குத் தண்ணீர் ஊற்றுவதை இருட்டில், மேகத்துக்கு நடுவே, முப்பதாயிரம் அடி உயரத்தில் செய்து பார்ப்பது போல. பழகிய கை இல்லாவிட்டால் நடக்காது. கை பழக டாங்கர் வேண்டும்.

டாங்கர் எத்தனை நாள் கிடைத்தது? கணக்குத் தணிக்கை அதிகாரியின் 2017-ம் ஆண்டு அறிக்கை அதைப் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது. 2010 முதல் 2016 வரை ஐ.எல்.-78 விமானங்களில் பறக்கத் தயாராக இருந்தவை சராசரியாக 49 சதவிகிதம்தான். இருந்திருக்க வேண்டியது 70 சதவிகிதம். அதாவது ஆறில் மூன்று எப்போதும் கொட்டகையில். மிச்சம் மூன்றை வைத்துக்கொண்டு லடாக்கிலிருந்து நிகோபார் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். ரஷ்ய உதிரி பாகங்களுக்காகக் காத்திருக்கும் அனுபவம் இந்திய விமானப்படைக்குப் புதிதல்ல. ஆனால் அறுநூறு போர் விமானங்களில் பத்து நின்றால் தெரியாது. ஆறு டாங்கரில் மூன்று நின்றால் போர்த் திட்டமே நிற்கும்.

இதன் விநோதம் 2021 ஜனவரியில் வெளிப்பட்டது. பிரான்சிலிருந்து புதிய ரஃபேல்கள் மூன்று எங்கும் இறங்காமல் நேரே இந்தியா வந்து சேர்ந்தன. வழியில் அவற்றுக்கு எரிபொருள் கொடுத்தவை ஐக்கிய அரபு அமீரகத்தின் டாங்கர்கள். அதே ஏ-330 எம்.ஆர்.டி.டி. இந்தியா இரண்டு முறை தேர்ந்தெடுத்து இரண்டு முறையும் வேண்டாமென்ற விமானம். நன்றி தெரிவித்து விமானப்படை அறிக்கை வெளியிட்டது.

இதே வங்க வானத்தில் எரிபொருள்தான் போரின் தலையெழுத்தை எழுதியது என்பதற்குப் பழைய சாட்சிகள் நிறைய. 1944-ல் கரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களில் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் வந்து இறங்கின. தலைமையகம் ஹிஜ்லியில், பின்னாளில் ஐ.ஐ.டி. முளைத்த வளாகத்தில். ஜப்பானைத் தாக்க வேண்டுமானால் முதலில் இமயமலையைத் தாண்டிச் சீனாவின் செங்டுவுக்குப் போக வேண்டும். அங்கே பெட்ரோல் கிடையாது. ஆகவே குண்டு போட வேண்டிய விமானங்களே பெட்ரோல் சுமந்தன. மலையைத் தாண்டிப் பல நடை போய்க் கொட்டிச் சேர்த்தால்தான் ஒரே ஒரு தாக்குதலுக்குப் போதுமான எரிபொருள் சேரும். அந்த ஏற்பாடு ஓராண்டுகூடத் தாங்கவில்லை. பி-29கள் பசிபிக் தீவுகளுக்கு இடம் மாறின.

கல்கத்தாவுக்கே விமானப்படை நவீனமாவது என்றால் என்னவென்று தெரியும். 1942 டிசம்பர் 20 இரவு ஜப்பானிய விமானங்கள் முதல் முறையாக நகரத்தின் மீது குண்டு போட்டன. சேதத்தைவிட பீதிதான் பெரிது. லட்சக்கணக்கானவர்கள் ஹவ்ரா பாலத்தைக் கடந்தும் ரயில் கூரை மேல் ஏறியும் ஊரைவிட்டுப் போனார்கள். மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் ரெட் ரோடு ஓடுபாதையாக்கப்பட்டது. குடியரசு தினத்தில் இன்று அணிவகுப்பு போகும் அதே சாலையிலிருந்து போர் விமானங்கள் கிளம்பின. ஆனால் நகரத்தில் இருந்த ஹரிக்கேன்களுக்கு இரவில் கண் தெரியாது. கீழே சைரன் அலற, மேலே எதிரியைத் தேடித் தடவிவிட்டு வெறுங்கையோடு இறங்கின.

ஜனவரி மத்தியில் ரேடார் பொருத்திய பியூஃபைட்டர்கள் ஒரு சில டம்டம் வந்து சேர்ந்தன. ஜனவரி 15 இரவு பிரிங் என்ற சார்ஜன்ட் சில நிமிடங்களுக்குள் மூன்று ஜப்பானிய விமானங்களை வீழ்த்தினார். நான்கு நாள் கழித்து இன்னொரு அடி. இரவுத் தாக்குதல் அத்தோடு நின்றது. ஜப்பானியர்கள் கிதர்பூர் துறைமுகத்துக்குப் பெரிய அளவில் திரும்பி வந்தது டிசம்பரில், அதுவும் பகலில். ஹரிக்கேன்கள் பல இருந்தும் முடியாததை விரல்விட்டு எண்ணக்கூடிய பியூஃபைட்டர்கள் முடித்தன. எண்ணிக்கையா, தரமா என்று டெல்லியில் நடக்கும் வாதத்தில் இந்த உதாரணம் தரத்தின் கட்சி. எதிர்க்கட்சிக்கும் உதாரணம் இருக்கிறது.

1965 செப்டம்பர் 7. கிழக்குப் பாகிஸ்தானின் தேஜ்கான் தளத்திலிருந்து வந்த சேபர்கள் கரக்பூர் அருகே கலைகுண்டா தளத்தில் வரிசையாக நின்ற கான்பெரா, வாம்பயர் விமானங்களை நொறுக்கிவிட்டுப் போயின. சில மணி நேரத்தில் அதே சேபர்கள் மறுபடி வந்தன. இந்த முறை 14-வது ஸ்குவாட்ரனின் ஹண்டர்கள் வானத்தில் காவல் சுற்றிக்கொண்டிருந்தன. ஃபிளைட் லெஃப்டினன்ட் ஆல்ஃப்ரெட் குக், எஸ்.சி. மம்கைன் இருவரும் மரத்தின் உச்சி உரசும் உயரத்தில் சண்டை போட்டார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி. மாணவர்கள் மைதானத்திலிருந்து அண்ணாந்து பார்த்தார்கள். இருவருக்கும் வீர் சக்ரா. முதல் முறை இல்லாததும் இரண்டாம் முறை இருந்ததும் ஒன்றே ஒன்றுதான்: அந்த நேரத்தில் வானத்தில் நம் விமானம். தரையில் எத்தனை நிற்கிறது என்பது அப்புறம்.

வானத்தில் நிற்க எரிபொருள் வேண்டும். 1971-ல் இதற்கு விடை டம்டம் விமான நிலையத்தில் இருந்தது. 22-வது ஸ்குவாட்ரனின் நாட் விமானங்கள் சிட்டுக்குருவிபோலச் சின்னவை. சண்டையில் கெட்டி, தூரத்தில் நோஞ்சான். எல்லையை ஒட்டி நிறுத்தினால்தான் பயன். ஆகவே கலைகுண்டாவிலிருந்து ஒரு பிரிவைப் பயணிகள் விமான நிலையத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். நவம்பர் 22 பிற்பகல், போய்ரா அருகே சேபர்கள் தென்பட்டதாகத் தகவல் வந்ததும் நான்கு நாட்கள் டம்டமிலிருந்து எழும்பின. மாசி, கணபதி, சோரஸ், லாசரஸ். சில நிமிடங்களில் எதிரியின் தலைக்கு மேல் இருந்தார்கள். மூன்று சேபர்கள் விழுந்ததாக இந்தியா சொல்கிறது. இரண்டு என்று பாகிஸ்தான் ஒப்புக்கொள்கிறது. பாரசூட்டில் குதித்துப் பிடிபட்ட இருவரில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைக்கே தளபதியானார்.

அன்றைய எதிரி டம்டமிலிருந்து எட்டு நிமிட தூரத்தில் இருந்தான். இன்றைய கணக்கு வேறு. கொல்கத்தாவிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,300 கிலோமீட்டர். மலாக்கா நீரிணையின் வாய் அதற்கும் அப்பால். அங்கே போய் ஒரு மணி நேரம் சுற்றிக் காவல் இருந்து திரும்ப வேண்டுமானால், சுகோயாக இருந்தாலும் வழியில் ஒரு டாங்கர் காத்திருக்க வேண்டும். இதை விமானப்படை செய்து காட்டியும் இருக்கிறது. 2020 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் ஹல்வாராவிலிருந்து கிளம்பிய சுகோய்-30, நடுவானில் எரிபொருள் ஏற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்கு வந்து பிரம்மோஸ் ஏவுகணையால் ஒரு பழைய கப்பலைத் தாக்கியது. ஒரு விமானத்துக்கு ஒரு டாங்கர் கிடைத்த நாளில் இது சாத்தியம். ஒரே சமயத்தில் இருபது விமானங்களுக்கு வேண்டியிருக்கும் நாளில்?

வடக்கே கதை வேறு மாதிரி. அலிபுர்துவார் மாவட்டத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, பூடான் மலைகளின் காலடியில் இருக்கிறது ஹாசிமாரா. சிலிகுரியின் குறுகிய நிலப்பகுதிக்கும் சும்பி பள்ளத்தாக்குக்கும் காவல் அது. அங்கே மிக்-27 ஸ்குவாட்ரன்கள் இருந்தன. டோக்லாமில் இந்திய, சீன வீரர்கள் 2017 கோடையில் பத்து வாரம் முகத்துக்கு முகம் நின்ற அதே ஆண்டின் டிசம்பரில் மிக்-27கள் ஹாசிமாராவை விட்டுப் போயின. வயதாகிவிட்டது, வேறு வழி இல்லை. அவற்றின் இடத்துக்குப் புதிய ஸ்குவாட்ரன் வர மூன்றரை ஆண்டுகள் ஆயின. 2021 ஜூலை 28 அன்று 101-வது ஸ்குவாட்ரன் ரஃபேல்களுடன் அங்கே முறைப்படி அமர்ந்தது.

ரஃபேல் வந்த பாதையும் கோணல்தான். 126 விமானங்களுக்கு 2007-ல் டெண்டர், 2012 ஜனவரியில் ரஃபேல் தேர்வு, மூன்று ஆண்டுப் பேரம், 2015-ல் ரத்து, 2016 செப்டம்பரில் 36 விமானங்களுக்கு மட்டும் நேரடி ஒப்பந்தம். 126 கேட்டவருக்கு 36. பதினெட்டு அம்பாலாவுக்கு, பதினெட்டு ஹாசிமாராவுக்கு. விட்டுப்போன எண்ணிக்கையை நிரப்ப 2018 ஏப்ரலில் சுமார் 110 விமானங்களுக்காக மறுபடியும் உலகச் சந்தையில் விசாரணை தொடங்கியது.

ஹாசிமாராவுக்கு எதிரே இருப்பது திபெத்தின் ஷிகாட்சே தளம். 2024 மே மாதம் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் அங்கே ஆறு ஜே-20 விமானங்கள் நிற்பது தெரிந்தது. ரேடாருக்கு எளிதில் சிக்காத சீனாவின் நவீன ரகம். தூரம் 300 கிலோமீட்டருக்கும் குறைவு. ஒரு சலுகை இந்தியாவின் பக்கம்: ஷிகாட்சே கடல் மட்டத்துக்கு மேல் 3,700 மீட்டருக்கும் அதிக உயரம். அங்கே காற்று மெலிது. முழு எரிபொருளும் முழு ஆயுதமும் ஏற்றிக்கொண்டு எழும்புவது கடினம். ஹாசிமாராவும் கலைகுண்டாவும் சமவெளியில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. இதைப் பல ஆண்டுகளாக இந்திய அதிகாரிகள் ஆறுதலாகச் சொல்லிவருகிறார்கள். ஆனால் கொஞ்ச எரிபொருளோடு எழும்பி, மேலே போய் டாங்கரில் நிரப்பிக்கொண்டால் உயரத்தின் பாதகம் போய்விடும். சீனா தன் ஒய்-20 சரக்கு விமானத்தை டாங்கராக மாற்றிப் படையில் சேர்த்துவிட்டது. ஆறுதலுக்கும் ஆயுள் உண்டு.

கலைகுண்டாவுக்கு அரசியலும் வந்து போனது. 2005 நவம்பரில் அமெரிக்க எஃப்-16 விமானங்கள் கூட்டுப் பயிற்சிக்காக அங்கே இறங்கின. மாநிலத்தில் இடது முன்னணி ஆட்சி. மத்தியில் அதே இடதுசாரிகளின் ஆதரவில் மன்மோகன் சிங் அரசு. தளத்தின் வாசலில் செங்கொடிகளோடு ஊர்வலம். புத்ததேவ் பட்டாச்சார்யாவின் போலீஸ் தன் கட்சிக்காரர்களுக்கே தடுப்பு போட வேண்டியதாயிற்று. உள்ளே சுகோய்களும் எஃப்-16களும் பயிற்சியை முடித்துக்கொண்டு கை குலுக்கின. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில், பானாகர், கலைகுண்டா, ஆக்ரா தளங்களில் நடந்த கோப் இந்தியா பயிற்சிக்கு அமெரிக்கா எஃப்-15களோடு பி-1 குண்டுவீச்சு விமானங்களையும் கொண்டுவந்தது. வாசலில் கொடி இல்லை.

சிங்கப்பூர் கதை இன்னும் சுவாரசியம். பறக்க வானமே போதாத அந்தச் சின்ன நாடு 2007-ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி தன் எஃப்-16 விமானங்களைக் கலைகுண்டாவுக்குக் கொண்டுவந்து இந்திய விமானிகளுடன் பயிற்சி செய்கிறது. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் அந்த நாட்டிடம் ஏ-330 டாங்கர்கள் ஆறு உண்டு. இந்தியா அரும்பாடுபட்டும் வாங்க முடியாத எண்ணிக்கை.

2013 டிசம்பர் 11 அன்று மிக்-21-ன் எஃப்.எல். ரகம் கடைசியாகப் பறந்ததும் கலைகுண்டாவில்தான். இளம் விமானிகள் இப்போது அங்கே ஹாக் விமானங்களில் சண்டைப் பாடம் படிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு ஹாக் அருகே விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த இருவரும் குதித்துத் தப்பினார்கள். பாடம் முடித்து வெளியே வருகிறவர்கள் ஓட்டுவதற்கு விமானம் வேண்டுமே என்ற கவலைதான் தளபதிகளுக்கு.

அந்தக் கவலைக்கு மருந்தாகச் சொல்லப்படுவது தேஜஸ். வங்கத்தின் பழைய ஸ்குவாட்ரன்களைத் தமிழ்நாட்டில் தேடுவது நல்லது. ஹாசிமாராவில் மிக்-27 ஓட்டிய 222-வது ஸ்குவாட்ரன் 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் சுகோய்களுடன், பிரம்மோஸ் சகிதம் மறுபிறவி எடுத்தது. மிக்-27 ஓட்டிய இன்னொரு ஸ்குவாட்ரனான 18, அதே ஆண்டு மே மாதம் கோவையை அடுத்த சூலூரில் தேஜஸுடன் எழுந்தது. அதற்கு முன்பே 45-வது ஸ்குவாட்ரன் தேஜஸோடு சூலூர் வந்துவிட்டது.

இரண்டு ஸ்குவாட்ரனோடு தேஜஸ் நின்றுபோனது. 2021 பிப்ரவரியில் 83 மார்க்-1ஏ விமானங்களுக்கு ஆர்டர். முதல் விமானம் 2024 தொடக்கத்தில் வந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் தர வேண்டிய எஃப்-404 எஞ்சின் 2025 மார்ச் மாதம்தான் முதலாவதாக வந்தது. எஞ்சின் மட்டும் காரணமில்லை. ரேடார், ஆயுதம், மென்பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் பாக்கி. 2025 பிப்ரவரியில் பெங்களூர் விமானக் கண்காட்சியில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அதிகாரிகளிடமே தன் நம்பிக்கையின்மையைச் சொன்னது காமிராவில் பதிவாகி நாடெங்கும் பரவியது. சீருடையில் இருப்பவர்கள் இப்படி வாய்திறப்பது அபூர்வம். திறக்கும் அளவுக்குப் பொறுமை போயிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று துபாய் கண்காட்சியில் சாகசம் காட்டிய தேஜஸ் ஒன்று தரையில் மோதி எரிந்தது. இறந்த விங் கமாண்டர் சூலூரில் பணியாற்றியவர்.

இந்தச் சங்கடங்களுக்கு நடுவேதான் 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நான்கு நாள் மோதல் வந்தது. இரு பக்கமும் எல்லையைத் தாண்டாமல், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏவுகணைகளை வீசிக்கொண்டன. இந்தியாவும் விமானங்களை இழந்தது என்பதை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் மே 31 அன்று சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார். எத்தனை என்று சொல்லவில்லை. ஆகஸ்டில் ஏ.பி. சிங், பாகிஸ்தானின் ஐந்து போர் விமானங்களும் ஒரு பெரிய விமானமும் வீழ்த்தப்பட்டதாக அறிவித்தார், பாகிஸ்தான் மறுத்தது. கணக்குச் சண்டை தீராது. ஆனால் அப்படிப்பட்ட போரில் விமானங்கள் நீண்ட நேரம் வானத்தில் காத்திருக்க வேண்டும் என்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

டாங்கர் விஷயத்தில் அசைவு தெரிந்தது அந்த மோதலுக்குச் சற்று முன்பு. 2025 மார்ச் 28 அன்று பாதுகாப்பு அமைச்சகம் மெட்ரியா என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்திடம் ஒரே ஒரு கே.சி.-135 டாங்கரைக் குத்தகைக்குப் பேசி முடித்தது. ஆறு மாதத்தில் தர வேண்டும் என்று நிபந்தனை. இந்திய விமானப்படை டாங்கரைக் குத்தகைக்கு எடுப்பது அதுவே முதல் முறை. கே.சி.-135 முதலில் பறந்தது 1956-ல். 1965-க்குப் பிறகு புதிதாகச் செய்யப்படவில்லை. அதாவது மிக்-21 இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே பிறந்த ரகம்.

வாங்கும் முயற்சியும் நிற்கவில்லை. ஆறு பழைய போயிங்-767 பயணிகள் விமானங்களை டாங்கர்களாக மாற்றித் தர இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் நிறுவனம் மட்டுமே களத்தில் மிஞ்சியிருப்பதாக 2025 அக்டோபரில் பத்திரிகைகள் எழுதின. ஒப்பந்த மதிப்பு சுமார் 8,000 கோடி ரூபாய் என்றும் எழுதின. புதிய ஏர்பஸ் விலை அதிகம் என்று தொடங்கிய விவகாரம், பயணிகளை ஏற்றி இறக்கிக் களைத்த போயிங்கில் வந்து நிற்கிறது. அதில் தவறில்லை, உலகில் பல டாங்கர்கள் அப்படிப் பிறந்தவைதான். உடலை வெட்டி, டாங்கு வைத்து, குழாய் பொருத்தி, ஒவ்வொரு ரகப் போர் விமானத்துடனும் வானத்தில் ஒட்டவைத்துச் சோதித்து முடிக்கக் கையெழுத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் பிடிக்கும்.

குத்தகைக்குப் பேசிய கே.சி.-135-ஐ ஓட்டுவதும் பராமரிப்பதும் மெட்ரியாவின் ஆட்கள். விமானப்படையின் விமானிகளும் கடற்படையின் விமானிகளும் அதன் பின்னால் முறை வைத்து வந்து, கூடையில் குழலைச் செருகிப் பழகிக்கொள்ள வேண்டும்.